நகம் பேணும் முறை

சோறு பிசைந்து குழந்தைக்கு ஊட்டுவது கை. மீன் வெட்டுவதும், தேங்காய் திருவுவதும், தோட்டத்து மண்ணைக் கிளறுவதும் அதே கைதான். கையால் உண்ணும் வழக்கமுடைய மக்களுக்கு நகத்தின் தூய்மை அழகுக்கு முன்னே உடல்நலத்தைச் சார்ந்த விடயமாகும். ஆயினும், நகம் பேணுதல் ஓய்வும் பணமும் படைத்தோரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பலரிடம் உண்டு. உண்மை அவ்வாறன்று. வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், வீட்டிலுள்ள சில எளிய பொருள்கள் ஆகியவையே இதற்குப் போதும்.

முதலில் நகத்தின் இயல்பை அறிதல் வேண்டும். வெளியே தெரியும் நகம் உயிரற்ற பொருள். மயிரும் மாட்டின் கொம்பும் எப்பொருளால் ஆனவையோ, அந்தக் கெரற்றின் என்னும் புரதத்தினாலேயே நகமும் ஆகியுள்ளது. எனவேதான் அதனை வெட்டும்போது நோவதில்லை. நகத்தை உண்டாக்கும் உயிருள்ள பகுதி, விரலின் தோலுக்குக் கீழே மறைந்திருக்கிறது. பெருவிரல் நகத்தின் அடியிலே பிறைபோல் வெண்மையாகத் தெரிவது அதன் ஓரமே. கைவிரல் நகம் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளர்கிறது. ஆகவே ஒரு நகம் முழுவதும் புதிதாவதற்கு ஆறு மாதம் வரை செல்லும். கால் நகமோ அதனினும் மெதுவாக வளர்வது. அது புதிதாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். நகத்தின் வேரிலே ஏற்படும் காயம் பல மாதங்களுக்கு மறையாதிருப்பதன் காரணம் இதுவே.

நகமும் தோலும் கூடுமிடத்தில் மெல்லிய தோல் விளிம்பொன்று ஒட்டியிருக்கிறது. பார்வைக்குப் பயனற்றதாகத் தோன்றும் இவ்விளிம்பு உண்மையில் ஒரு காவல். நீரும் கிருமியும் நகத்தின் வேருக்குள் நுழையாதபடி அது இடைவெளியை அடைத்து நிற்கிறது. நகம் நீண்டு தோன்றவேண்டும் என்பதற்காக இதனை வெட்டி அகற்றுவோர் பலர். அழகு நிலையங்களிலும் அவ்வாறு செய்யப்படுவதுண்டு. தோல் வைத்தியர்கள் இதனை விரும்புவதில்லை. காவல் நீங்கிய இடத்தின் வழியே கிருமி புகுந்தால் விரல் சிவந்து வீங்கிச் சீழ் பிடிக்கும். நகச்சுற்று என்று நாம் சொல்லும் நோய்க்கு இஃது ஒரு முக்கிய காரணம். நாள் முழுவதும் நீரிலே கைவைத்துப் பாத்திரம் கழுவுவோரும், துணி துவைப்போரும், மீன் துப்புரவு செய்வோரும் இவ்விளிம்பை ஒருபோதும் வெட்டலாகாது. ஒரு விரலின் நோவு ஒரு வீட்டின் அன்றாட வேலையையே நிறுத்திவிடும் அன்றோ?

இனி, செய்முறையைக் காண்போம். பழைய பூச்சு இருப்பின் அதனை முதலில் அகற்றவேண்டும். பின்பு ஒரு கிண்ணத்தில் இளஞ்சூடான நீரெடுத்துச் சிறிது சவர்க்காரம் கரைத்து, விரல்களை ஐந்து நிமிடம் அதில் வைத்திருக்க வேண்டும். அதற்குமேல் ஊறவைத்தல் நன்றன்று. நகம் நீரை உறிஞ்சி உப்புவதும் உலர்ந்து சுருங்குவதுமாக இருந்தால் எளிதில் ஏடு ஏடாகப் பிளந்துவிடும். நகத்தின் கீழுள்ள அழுக்கை மென்மையான தூரிகையினால் நீக்கவேண்டும். கூரிய ஊசியோ கம்பியோ கொண்டு தோண்டினால், நகம் தசையிலிருந்து பிரிந்து, அவ்விடைவெளியிலே மேலும் அழுக்குச் சேரும். பலாப்பாலின் பிசின் ஒட்டியிருந்தால், அதனைச் சுரண்டாது தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்தலே முறை.

ஊறிய நகம் மென்மையாக இருக்கையில் கூரிய நகவெட்டியினால் நேராக வெட்டி, ஓரங்களைச் சிறிது வளைவாக்கலாம். கைகளைத் துவாயினால் நன்கு ஒற்றி, நகம் உலர்ந்த பின்னரே அரத்தால் தேய்க்க வேண்டும். அரத்தை முன்னும் பின்னுமாக அறுப்பதுபோல் இழுக்காது, ஒரே திசையில் மெல்ல இழுத்தால் நகத்தின் நுனி பிளவுபடாது. இறுதியாக, சில துளி தேங்காய் எண்ணெயை நகத்திலும் அதனைச் சூழ்ந்த தோலிலும் தடவித் தேய்த்தால் வறட்சி நீங்கும்.

கால் நகங்களை நேராகவே வெட்டவேண்டும். மூலைகளை ஆழமாக வெட்டினால், வளரும் நகம் தசைக்குள் குத்தி நோவு தரும். நீரிழிவு நோயுள்ளோர்க்குக் காலில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். சிறு வெட்டும் அறியாமலே பெரும் புண்ணாகிவிடக்கூடும். அவர்கள் தம் கால்களை நாள்தோறும் பார்த்துக்கொள்வதும், நகம் தடித்திருப்பின் வைத்தியரின் உதவியை நாடுவதும் நலம். சிறுவர்களின் நகத்தை எப்போதும் குட்டையாக வைத்தல் வேண்டும். கீரிப்பூச்சியின் தொல்லையால் குழந்தை சொறியும்போது, கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் நகத்தினடியில் தங்கி, விரல் வழியே மீண்டும் வாய்க்குச் செல்கின்றன. நகவெட்டியும் அரமும் ஒவ்வொருவருக்கும் தனியாக இருப்பதே சிறந்தது.

நகத்துக்கு நிறமூட்டுதல் பழைய வழக்கம். மருதோன்றி இலையிலுள்ள லோசோன் என்னும் சாயம் கெரற்றினோடு இணைந்து பற்றிக்கொள்கிறது. தோலின் மேற்பகுதி உதிர்ந்து புதிதாவதால் அங்கே நிறம் விரைவில் மங்குகிறது. நகம் உதிர்வதில்லையாதலால், அது வளர்ந்து வெட்டப்படும் வரை நிறம் நிலைக்கிறது. விரைவில் கறுப்பாக்கும் பொருட்டு இரசாயனம் கலந்து விற்கப்படும் கருமருதோன்றியை மட்டும் விலக்குதல் வேண்டும். அது தோலைக் கொப்புளிக்கச் செய்யலாம். நியூயோர்க்கில் 1932இல் தொடங்கிய ரெவ்லொன் நிறுவனம் முதலில் விற்றது நகப்பூச்சையே. பூச்சை அகற்றப் பயன்படும் அசற்றோன் நகத்தை வறட்சியாக்குவது. அன்றியும் எளிதில் தீப்பற்றுவது. எனவே அடுப்பருகிலோ விளக்கருகிலோ அதனைத் திறக்கலாகாது.

பூச்சை நீக்கிய வேளையில் நகத்தை வெளிச்சத்தில் உற்று நோக்குவது நல்ல பழக்கம். நகம் கரண்டிபோல் குழிந்திருப்பின், இரும்புச்சத்துக் குறைவு காரணமாயிருக்கலாம். விரல் நுனி பருத்து நகம் குவிந்து வளைவது, சுவாசப்பை அல்லது இருதய நோயின் அறிகுறியாகலாம். கடுங்காய்ச்சலுக்குப் பின்னர் நகத்தின் குறுக்கே பள்ளமொன்று தோன்றுவதுண்டு. இதனை 1846இல் போ என்னும் பிரெஞ்சு வைத்தியர் விளக்கினார். அப்பள்ளம் நகத்தின் அடியிலிருந்து 9 மில்லிமீற்றர் தூரத்தில் இருந்தால், நோய் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன் வந்தது எனக் கணிக்கலாம். வெண்புள்ளிகளோ பெரும்பாலும் சிறு அடியால் ஏற்படுவன; அஞ்சவேண்டியதில்லை. கருநிறமுடையோரின் நகங்கள் பலவற்றில் கருங்கோடுகள் காணப்படுவதும் இயல்பே. ஆனால் ஒரே நகத்தில் புதிதாகக் கருங்கோடு தோன்றி அகன்று வருமாயின், தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டும். அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். காலத்தோடு கண்டால் அதற்குச் சிகிச்சை உண்டு.

நகத்தை அளவாக வெட்டுதல், தூய்மையாக வைத்தல், தோல் விளிம்பைத் தீண்டாது விடுதல் ஆகிய மூன்றுமே இக்கலையின் சாரம். இவற்றைக் கைக்கொள்வோரின் விரல்களுக்குப் பூச்சில்லாமலே பொலிவுண்டு. அதனினும் மேலாக, அக்கையால் பரிமாறும் உணவை உண்போருக்கும் நலமுண்டு.