வேடிக்கை பார்ப்போரை விளையாட வைப்போம்

பிழைப்பை நாடிப் புதிய ஊரில் குடியேறுவோருக்கு முதலில் கிடைப்பது வேலை, அடுத்து வீடு, அதன்பின் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம். எல்லாவற்றுக்கும் கடைசியில் கிடைப்பது மனிதர் பழக்கம். சொர்ணமுகிக் கரையிலுள்ள இந்த நாயுடுபேட்டையில், ஒரே தெருவில் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்தும் ஒருவரையொருவர் அறியாத தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. இக்குறையைத் தீர்க்கும் எளிய சாதனங்களுள் விளையாட்டும் ஒன்று. ஆனால் அதை நடத்துவதற்கு ஒரு முறை வேண்டும். அம்முறையைப் பற்றியே இங்குச் சில சொல்லக் கருதுகிறோம்.

விளையாட்டு இரு வகைப்படும். வல்லவர் யார் என்று கண்டறிய நடத்துவது ஒன்று. எல்லோரும் ஆடி மகிழ நடத்துவது மற்றொன்று. இரண்டும் நல்லவையே. ஆயினும் ஒன்றின் சட்டத்தைக் கொண்டு மற்றொன்றை நடத்தினால் பயன் கெடும். சங்கங்களின் பொங்கல் விளையாட்டு விழாக்களில் நேர்வது பெரும்பாலும் இதுவே. பத்துப் பேர் ஓடுகிறார்கள். இருநூறு பேர் நாற்காலியில் அமர்ந்து கை தட்டுகிறார்கள். சென்ற ஆண்டு பரிசு பெற்ற இளைஞரே இவ்வாண்டும் பெறுகிறார். மறுநாள் மைதானம் வெறிச்சோடிக் கிடக்கிறது.

மக்கள் ஏன் விளையாட வருகிறார்கள்? உடல் நலத்துக்காக என்று உடனே விடை கூறுவோம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 2022ஆம் ஆண்டுக்குரிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்த அளவை எட்டவில்லை. அவர்களிலும் ஆண்களை விடப் பெண்களே மிகுதி: ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு. வருந்தத்தக்க செய்திதான். எனினும், நெஞ்சு நோய்க்கு அஞ்சி மாலைதோறும் மைதானத்துக்கு வருபவர் அரியர். மனிதரைத் திரும்பத் திரும்ப வரச் செய்வது வேறு.

அமெரிக்க உளநூல் அறிஞர்களான எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் இதை ஆராய்ந்து மூன்று தேவைகளைக் கூறினர். ஒருவர் தம் விருப்பத்தால் வந்தோம் என்று உணர வேண்டும். நேற்றைவிட இன்று சிறிது கைவந்தது என்று காண வேண்டும். தம்மை எதிர்பார்ப்போர் அங்கே இருக்க வேண்டும். மூன்றாவதே நம் போன்ற குடியேறிகளுக்கு முக்கியமானது. “நேற்று ஏன் வரவில்லை, அண்ணா?” என்று கேட்க ஒருவர் இருந்தால், மறுநாள் அவர் தவறாமல் வருவார்.

ஆடுவோருக்கேற்ப ஆட்டத்தை அமைக்க வேண்டும் என்பதற்குக் கைப்பந்தின் வரலாறே சான்று. அமெரிக்காவில் 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை வகுத்தார். அதன் ஓட்டமும் மோதலும் அலுவலகத்தில் உழைத்து அலுத்து வரும் நடுவயதினருக்கு ஒத்துவரவில்லை. எனவே 1895இல் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் தேகப்பயிற்சி அதிகாரியாயிருந்த வில்லியம் மார்கன், நடுவே வலையைக் கட்டி, ஒருவர்மேல் ஒருவர் மோதாத ஆட்டமொன்றைக் கண்டுபிடித்தார். இன்று உலகமெங்கும் ஆடப்படும் கைப்பந்து, களைத்துப்போன மனிதருக்காகப் பிறந்த ஆட்டமே! அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி பக் 1920இல் சென்னையில் தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்கான கல்விக்கூடத்தைத் தொடங்கினார்.

இவ்வாறு ஆட்டங்களை எல்லோருக்கும் பொதுவாக்கும் வேலை நாளடைவில் தனிக் கலையாயிற்று. மிச்சிகன், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகங்கள் 1913இல் தத்தம் மாணவர்கள் தமக்குள் ஆடும் ஆட்டங்களைக் கவனிக்கத் தனித் துறை ஏற்படுத்தின. 1950இல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் டில்லார்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் வாஸன் கூட்டிய மாநாட்டுக்கு, 11 கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து 22 பேர் வந்தனர். இத்துறைக்கென ஒரு தேசிய சங்கம் அங்கே உருவாயிற்று. ஒதுக்கப்பட்ட மக்களிடமிருந்தே, யாரும் ஒதுக்கப்படாத விளையாட்டுக்கான சங்கம் பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நம் மாநிலத்திலும் 2023 டிசம்பர் 26ஆம் நாள் ‘ஆடுதாம் ஆந்திரா’ என்னும் போட்டிகள் தொடங்கின. 15 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாரும் கிரிக்கெட், கைப்பந்து, இறகுப்பந்து, கபடி, கோ-கோ ஆட்டங்களில் கலந்துகொள்ளலாம் என அறிவிக்கப்பட்டது. கிராமச் செயலக அளவில் தொடங்கிய ஆட்டங்கள் மண்டலம், தொகுதி, மாவட்டம் எனப் படியேறி, 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் நிறைவுற்றன. கிராமத்தையே முதற்படியாக வைத்தது நல்ல யோசனை. ஆனால் படியேறும் போட்டியில், தோற்றவருக்கு அன்றோடு ஆட்டம் முடிந்துவிடும். அவர் அடுத்த வாரம் எங்கே ஆடுவது? அந்த இடத்தைத்தான் சங்கங்கள் நிரப்ப வேண்டும்.

இதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். எட்டு அணிகள் உள்ளன என்று கொள்வோம். தோற்றவர் வெளியேறும் முறையில் மொத்தம் 7 ஆட்டங்கள். முதல் சுற்றிலேயே நான்கு அணிகள் வீடு திரும்பிவிடும். யார் அதிகமாக ஆட வேண்டுமோ அவர்களே மிகக் குறைவாக ஆடுவார்கள்! ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் ஆடும் முறையிலோ 28 ஆட்டங்கள். ஞாயிறுக்கு நான்கு வீதம் ஏழு ஞாயிறுகளில் இது முடியும். ஆட்டத்துக்கு 25 நிமிடம் என்றால், ஒரே மைதானத்தில் நாளொன்றுக்கு 100 நிமிடம் போதும். அணிகளை எதிரெதிராக நான்கு நான்காக எழுதி, முதல் அணியை அசைக்காமல், மற்ற ஏழையும் வாரந்தோறும் வட்டமாக ஓரிடம் நகர்த்தினால் அட்டவணை தானே அமையும். ரயிலுக்கு நேரம் குறித்திருந்தால்தானே பிரயாணிகள் நிலையத்துக்கு வருவார்கள்?

அணி பிரிப்பதிலும் கவனம் வேண்டும். வல்லவர் அனைவரும் ஓரணியில் சேர்ந்தால் ஆட்டம் சுவைக்காது. சீட்டுக் குலுக்கி, ஒவ்வோர் அணியிலும் இளைஞரும் மூத்தவரும் கலந்திருக்கச் செய்யலாம். சகோதரிகளுக்கு வளையப்பந்து மிக ஏற்றது. ஒரு ரப்பர் வளையமும் ஒரு வலையும் போதும். ஆனால் அவர்கள் எந்நேரம் வர இயலும் என்பதை அவர்களிடமே கேட்டறிய வேண்டும். வெளிச்சமான இடமும், அந்நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் இன்றி அவர்களை அழைப்பது வெறும் உபசாரமாகும். கோடையில் மாலை ஐந்துக்குப் பின்னரே ஆட்டம் தொடங்குவதும், குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் தயாராக இருப்பதும் காரியதரிசியின் பொறுப்பு.

நம் தெலுங்கு அண்டை வீட்டாரையும் அழைப்போமாக. நாம் சடுகுடு என்பதை அவர்கள் செடுகுடு என்கிறார்கள், வேற்றுமை அவ்வளவே. மைதானத்தில் மூச்சுப் பிடிக்க மொழிபெயர்ப்பு தேவையில்லை.

ஆண்டறிக்கையில் வெற்றி பெற்றோர் பெயரை வெளியிடுவது வழக்கம். இனி அதனோடு இன்னொரு கணக்கும் வரட்டும்: முதல் ஞாயிறு வந்தவர் எத்தனை பேர்? அவர்களுள் ஏழாம் ஞாயிறும் வந்தவர் எத்தனை பேர்? கோப்பை ஓரணிக்கே சேரும். இந்த எண்ணிக்கை உயருமாயின், அந்த வெற்றி சங்கம் முழுவதற்கும் உரியதாகும்.