பல்கலைக்கழகத்தாரும் வணிக நிறுவனங்களும்

பல்கலைக்கழகத்தில் ஊழியஞ் செய்வோர், தம் நிறுவனத்துக்குப் பொருள் விற்கும் வணிகரைப் பற்றிப் பொதுவிடத்திற் பேசுதல் தகுமா? தகுமெனின் எவ்வாறு பேசுதல் தகும்? நம் கல்லூரியின் பழைய மாணவரிடையே இவ்வினா எழுதல் இயல்பே. நம்மவருட் சிலர் பேராதனையில் விரிவுரையாளராயும் எழுதுவினைஞராயும் ஆய்வுகூட உதவியாளராயும் உளர். வேறு சிலர் கண்டி நகரில் மருந்துக்கடையும் அச்சகமும் நடத்துகின்றனர். ஒரே வாங்கில் அமர்ந்து பயின்ற இருவருள் ஒருவர் இன்று வாங்குவோர், மற்றவர் விற்போர்.

தனியொருவர் ஒரு பொருளை நன்றென்றால் அஃது அவர் கருத்தென்று கேட்போர் விடுவர். பேராதனை ஆசிரியரொருவர் நன்றென்றாலோ, பல்கலைக்கழகமே அதற்குச் சான்று வழங்கியதாகக் கொள்வர். அப்பெயரின் மதிப்பு அவர் தனியே ஈட்டியதன்று. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றி, 1952 இல் மகாவலிக் கரைக்குப் பெயர்ந்த காலந்தொட்டுப் பலர் சேர்த்துவைத்த முதல் அது. அம்முதலை ஒரு கம்பெனியின் விளம்பரத்துக்குச் செலவிட எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் நாம் அறியாமலே விளம்பரஞ் செய்துவிடுகிறோம். பரசிற்றமோலைப் ‘பனடோல்’ என்றே கேட்டு வாங்குகிறோம். முன்னாளிற் படியெடுத்த பாடக்குறிப்பை ‘ரோனியோ’ என்றோம். அதுவும் ஒரு கம்பெனியின் பெயரே. வீட்டில் இதனாற் பெருந்தீங்கில்லை. வைத்தியர் எழுதும் மருந்துத் துண்டிலோ, ஒரு பெயர் ஏழையின் ஒருநாட் கூலியையே கொண்டுபோய்விடும்.

இதனை நன்குணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவராகிய அவர், 1958 இல் மருந்தியற் பேராசிரியரானார். பின்னர்ப் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கினார். ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களோடு பல விலைக்கு விற்கப்படுவதைக் கண்ட அவர், மருந்தை அதன் பொதுப்பெயரால் வழங்குதலையே தம் முறையாக்கினார். மேடையேறிக் கம்பெனிகளை ஏசுவது எளிது. அவரோ எந்த மருந்து தேவை, எது தேவையில்லை என்று குழுவில் அமர்ந்து ஆராய்ந்தார். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971 இல் அவர் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. தனியார் துறைக்கு இறக்குமதியான மருந்து வகைகள் ஏறக்குறைய 2,100 இலிருந்து 600 அளவுக்குக் குறைந்தன. உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கியதனால் விலைகளும் வீழ்ந்தன.

கம்பெனியின் பெயரையே சொல்லக்கூடாதென்பது இதன் பொருளன்று. 1974 இல் நாட்டில் வாந்திபேதி பரவியவேளை, கூட்டுத்தாபனம் வேறிடத்தில் வாங்கிய ரெற்றாசைக்கிளின் மூலப்பொருளைக் கூட்டுளிகளில் அடைத்துத்தர பைசர் நிறுவனம் இசையவில்லை. பிபிலே, பொருளியலறிஞர் சஞ்சய லாலுடன் எழுதி 1977 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இச்செய்தி நிறுவனத்தின் பெயரோடேயே இடம்பெற்றது. எழுதியோர் பெயர் மறைக்கப்படவில்லை; எவ்வாண்டில், எம்மருந்தில், என்ன நிகழ்ந்தது என்பதும் மறைக்கப்படவில்லை. பிழையெனக் கருதுவோர் அதே வெளியில் மறுத்துரைக்கலாம். பெயர் சுட்டுதலும் வசைபாடுதலும் வேறுபடும் இடம் இதுவே.

பிபிலேயை வாழ்த்துவோர் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்றையும் ஈண்டுக் கூறல் வேண்டும். அவர் அக்கூட்டுத்தாபனத்தின் முதற்றலைவர். ஆகவே மருந்து வாணிகத்தில் அவரும் ஒரு தரப்பினரே. தனியார் கம்பெனிகளைப் பற்றிய அவர் சொல்லை அதனையும் எண்ணியே நிறுத்துப் பார்த்தல் முறை. அதனால் அவர் சொல் பொய்யாகிவிடாது. அவர் வகித்த பதவி ஊரறிந்ததாகையால், நிறுத்துப் பார்க்க எவராலும் இயன்றது. ஒரு கம்பெனியின் செலவிற் பிறநாட்டு மாநாட்டுக்குச் சென்றுவந்து, அதனைச் சொல்லாமலே அக்கம்பெனியின் கருவியைப் புகழ்பவரிடத்து நமக்கு அவ்வாய்ப்பு இல்லை.

பேசாதிருத்தலே குற்றமாகும் வேளையும் உண்டு. கனடாவின் தொரன்ரோவில் தலசீமியா நோயாளரிடையே ஒரு மருந்தை ஆராய்ந்த வைத்தியர் நான்சி ஒலிவியேரி, அதனால் தீங்கு நேரலாமெனக் கண்டு நோயாளருக்கு அறிவிக்க முற்பட்டார். ஆராய்ச்சிக்குப் பொருளுதவிய அப்போரெக்ஸ் கம்பெனி அவர் முடிபை ஏற்கவில்லை. 1996 இல் ஆராய்ச்சியை நிறுத்தி, வெளியிடின் வழக்கு வருமென எச்சரித்தது. இரகசியங் காக்கும் ஒப்பந்தத்தில் அவர் முன்னரே கையொப்பமிட்டிருந்தார். அவ்வேளை பல்கலைக்கழகமோ அதே கம்பெனியிடம் பெருங்கொடையொன்றை எதிர்பார்த்திருந்தது! அவர் அஞ்சாது தம் முடிபை 1998 இல் வெளியிட்டார். சுதந்திரமான விசாரணைக்குழுவொன்று 2001 இல் அவர் பக்கமே நியாயமெனக் கண்டது. நம் இளம் ஆய்வாளர் இதிலிருந்து ஒப்பந்தத்தை வாசித்த பின்னரே கையொப்பமிடப் பழகினால் அதுவே பெரிது.

கேள்விப்பத்திர மதிப்பீட்டுக் குழுவில் இருப்போர் முடிவு வெளியாகும்வரை வாய் திறவாதிருத்தல் வேண்டும். தேநீர்க் கடையிலும், பழைய மாணவர் விருந்திலுங்கூட. வாங்கிய பொருள் பழுதானால், எது, என்று, எத்தனை முறை பழுதானதென்று எழுதுக. ‘கள்ளக் கம்பெனி’ என்று எழுதற்க. சொந்தக் கருத்தாயின் பதவிப்பெயரையும் பல்கலைக்கழக இலச்சினையையும் விலக்குக. இத்தகைய மலர்களுக்கு விளம்பரந் தந்து உதவும் வணிகரை வாழ்த்தலாம்; அவர் சரக்குக்குப் பேராசிரியர் பட்டத்தோடு நற்சான்று எழுதலாகாது.

2023 இல் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்தேற்றலின் பின் நிகழ்ந்த மரணங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. இத்தகைய வேளையில், மருந்தே கொன்றதென்று அன்றைக்கே கூறுவதும், மருந்திற் குறையேதுமில்லை என்று அன்றைக்கே கூறுவதும் ஒத்த அவசரமே. மருந்தின் பொதுப்பெயர், உற்பத்தித் தொகுதி இலக்கம், ஏற்றிய நேரம், கண்ட குறிகள் ஆகியன முதலிற் பதிவாதல் வேண்டும். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு அவை உடனே அனுப்பப்படுதல் வேண்டும். அங்கே மறுமொழி தாமதித்து, அதே தொகுதி மருந்து இன்னும் வாட்டில் ஏற்றப்படுமாயின், அறிந்தவர் அவ்விலக்கத்தை வெளியிற் கூறலாம். தம் பெயரையுங் கூறியே கூறலாம்.