லேப்டாப்பில் ஏறும் குதிரைத்திறன்... டர்போ காருக்கு ‘ரீமேப்’ செய்யலாமா?

மாலை ஆறு மணிக்கு திருச்சி காவிரிப் பாலத்தில் ஸ்ரீரங்கம் நோக்கிப் போகும் கார்களுக்குள் ஏற்றத்தாழ்வே கிடையாது. விலை ஐந்து லட்சமோ, ஐம்பது லட்சமோ, அங்கே செகண்ட் கியர்தான். சமயபுரம் டோல்கேட்டைத் தாண்டி சென்னை நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் சிலருக்கு அந்த ஆசை வருகிறது: ‘இன்னும் கொஞ்சம் பிக்-அப் இருந்தால் நன்றாக இருக்குமே!’

அந்த ஆசையை நம்பி நடக்கும் தொழில்தான் ‘ரீமேப்’. ஸ்பேனர் வேண்டாம், கையில் கிரீஸ் படாது. ஒரு லேப்டாப், ஒரு கேபிள், சில மணி நேரம் போதும். ‘கார் வேற லெவல்’ என்று பிள்ளை சொல்வான். ‘வாரன்ட்டி என்னடா ஆகும்?’ என்று அப்பா கேட்பார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

மேப் என்றால் என்ன?

இன்றைய கார்களில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது வெறும் விண்ணப்பம்தான். எவ்வளவு எரிபொருள் பீய்ச்ச வேண்டும், எப்போது ஸ்பார்க் கொடுக்க வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்று முடிவெடுப்பது ஈசியு என்ற சிறிய கம்ப்யூட்டர். அதற்குள் அட்டவணைகளாக எழுதி வைத்திருக்கும் எண்களுக்குத்தான் ‘மேப்’ என்று பெயர். பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட் வழியாக அந்த எண்களை மாற்றி எழுதுவது ரீமேப். வேறு பாகம் எதையும் மாற்றாமல் செய்தால் ‘ஸ்டேஜ் 1’ என்பார்கள்.

டர்போ இல்லாத காரில் இதனால் பெரிய பலன் இல்லை. டர்போ காரில் கதை வேறு. வெளியேறும் புகையின் வேகத்தில், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய டர்போ, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் அனுப்புகிறது. மென்பொருளில் அந்த அழுத்தத்தைக் கூட்டினால் காற்று கூடும்; அதற்கேற்ப எரிபொருளும் சக்தியும் கூடும்.

கம்பெனி ஏன் மிச்சம் வைக்கிறது?

டாடாவின் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 2021-ல் வந்த அல்ட்ராஸ் ஐ-டர்போவில் 110 பிஎஸ் சக்தியும் 140 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. நெக்ஸானில் 120 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர். ‘அப்படியென்றால் எல்லாமே சாஃப்ட்வேர்தானே?’ என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. மாருதியின் பழைய 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட்டில் 75 பிஎஸ், எர்டிகாவில் 90 பிஎஸ். ஆனால், எர்டிகாவில் இருந்த டர்போவே வேறு ரகம்.

கம்பெனி விட்டு வைக்கும் அந்த மிச்சம், மோசமான எரிபொருளுக்கும், தள்ளிப்போடும் ஆயில் சர்வீஸுக்கும், வெயிலுக்குமான காப்பு. திருச்சியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால், பெட்ரோல் இன்ஜினில் ‘நாக்கிங்’ தலைகாட்டும். ஐரோப்பாவில் சாதாரண பெட்ரோலே 95 ஆக்டேன். இங்கே பிஎஸ்6 விதி வந்தபோது சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 என்றுதான் இருந்தது. அங்கே எழுதிய ஃபைலை இங்கே அப்படியே ஏற்றினால் அடி வாங்குவது பிஸ்டன்தான். கூடுதல் டார்க்கைத் தாங்க முடியாமல் கிளட்ச் வழுக்கும். பிரேக்கும் டயரும் மட்டும் பழையபடியே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

‘பொல்யூஷன் சர்ட்டிஃபிகேட் கிடைத்துவிட்டதே’ என்பது சமாதானம் ஆகாது. அந்தச் சோதனையில் டீசல் காருக்குப் புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்ஸைடை அளப்பதில்லை. மென்பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2015 செப்டம்பரில் உலகமே பார்த்தது. சோதனைக்கூடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் மென்பொருளை வைத்திருந்ததாக ஃபோக்ஸ்வாகன் சிக்கியது. உலகெங்கும் 1.1 கோடி கார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

வாரன்ட்டியும் இன்ஷூரன்ஸும்

ரீமேப் செய்தது தெரிந்தால் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரன்ட்டியை மறக்க வேண்டியதுதான். ‘பழைய ஃபைலையே திரும்ப ஏற்றிவிடலாம்’ என்பதையும் முழுதாக நம்ப முடியாது. எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்பதைப் பல ஈசியு-க்கள் பதிந்து வைக்கின்றன. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்திருந்தால், விபத்துக்குப் பிறகு க்ளெய்மில் தகராறு வரலாம். பழைய டர்போ கார் வாங்குபவர்களும் ‘ரீமேப் செய்ததா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பிக்-அப் குறைந்துவிட்டது என்பதற்காக ரீமேப் யோசிப்பவர்கள் முதலில் வேறு சிலவற்றைப் பார்க்கலாம்: ஏர் ஃபில்டர் அடைப்பு, டயரில் காற்று, இன்ஜெக்டர், இன்டர்கூலர் ஹோஸில் கசிவு. ஹோஸில் சின்ன விரிசல் விழுந்தாலே டர்போவின் அழுத்தம் வெளியே போய்விடும். காணாமல்போன சக்தி அங்கே கிடைத்துவிட்டால் செலவும் குறைவு, வாரன்ட்டிக்கும் ஆபத்தில்லை.