விலை உயர்ந்த பேனா ஏன் முதல் எழுத்திலேயே தடுமாறுகிறது?

பேனா நிறைய மை, நிப்போ தங்கம். ஆனாலும் முதல் இழுப்பில் கோடு விழவில்லை, இரண்டாவதில்தான் விழுகிறது. ஏன்? மை தானாகக் கொட்டுவதில்லை. அகல்விளக்கின் திரி எண்ணெயை இழுப்பதுபோல, நிப்பின் மெல்லிய பிளவு மையை நுனிவரை இழுத்து வருகிறது. 1884இல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனாவும் இந்த ஈர்ப்பை நம்பியதுதான். நுனிக்கு வந்த மையைக் காகிதம் தொட்டால்தான் எழுத்து.

தங்கம் சீக்கிரம் தேயும். அதனால் நுனியில் கடினமான வேறொரு உலோக உருண்டையைப் பற்றவைத்து, பிளந்து, மெருகேற்றுகிறார்கள். மெருகு மிஞ்சினால் பிளவின் உள்விளிம்புகள் மழுங்கி, மை காகிதத்தை எட்டாமல் மயிரிழை மேலே நின்றுவிடும். இவ்வளவு விலைக்கு இப்படி நடக்கலாமா என்பீர்கள். தங்கத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் விலை கூடும். நுனியின் மயிரிழைப் பிசகை அந்த விலை தடுத்துவிடாது. அழுத்தி எழுதினால் போதாதா? மை வரலாம், ஆனால் நிப்பின் இரு கால்களும் நிரந்தரமாக விரிந்தால் பிளவின் இழுவிசையே குறைந்துவிடும்.

எனவே முதலில் நிப்பைச் சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள். தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கும் மையைத் தடுக்கும். அடுத்து வேறு மை போட்டுப் பாருங்கள். பிறகு உருப்பெருக்கியில் இரு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று கவனியுங்கள். அப்படியும் தடுமாறினால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். தேய்த்த உலோகம் திரும்ப வராது. தயாரிப்பாளரிடமே அனுப்புங்கள், நல்ல நிப்பைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.