வெள்ளம் வருமுன்

திரைப்படம் பொழுதுபோக்குக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். ஆயினும், சிற்சில படங்கள் நமக்கு நல்லாசானாகவும் விளங்குகின்றன. 2023ஆம் ஆண்டில் ஜூட் ஆந்தணி ஜோசப் இயக்கத்தில் வெளிவந்த ‘2018’ என்னும் மலையாளப் படம் அவ்வகையினது. 2018 ஆகஸ்டுத் திங்களில் கேரளத்தை வருத்திய பெருவெள்ளமே அதன் பொருள். மும்பை வாழ் தமிழ்க் குடும்பங்கள் அதனைக் கண்டு கண்ணீர் சிந்தினால் போதாது. கற்க வேண்டியனவற்றைக் கற்கவும் வேண்டும்.

1924க்குப் பின் அத்தகைய வெள்ளத்தைக் கேரள மக்கள் கண்டதில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் இடுக்கி நீர்த்தேக்கத்தின் மதகு 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் நீர் வீடுகளுக்குள் புகுந்தது. 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ‘நம் வீட்டிற்கு வெள்ளம் வராது’ என்னும் நம்பிக்கை எத்துணை எளிதில் கரைந்து போகும் என்பதைப் படம் நன்கு உணர்த்துகிறது.

இந்நகரமும் அதனை அறியாததன்று. 2005 ஜூலை 26ஆம் நாளில் தொடங்கிய 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கொலாபாவிலோ ஏறத்தாழ 73 மில்லிமீட்டர்தான். நம் தெருவில் தூறல் என்பதனால், பிள்ளைகளின் பள்ளியருகிலும் தூறலே என்று கொள்ளலாகாது. பெருமழையும் கடலேற்றமும் ஒருசேர நிகழ்ந்தால் நீர் வடிய வழியில்லை. மித்தி ஆற்றை அடுத்த தாராவியிலும் குர்லாவிலும் வாழும் நம்மவர் இதனை மறத்தலாகாது.

வானிலைத் துறையின் எச்சரிக்கைக்கு நிறங்கள் உண்டு. மஞ்சள் என்றால் கவனித்திருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே செயற்பட வேண்டும். சிவப்பு கண்ட பின்னர் யோசிக்கத் தொடங்குவது காலங்கடந்த செயல். அன்று சாலையில் நின்றுபோன கார்களுக்குள் அடைபட்டு உயிர்நீத்தோரும் உண்டு. நீர் ஏறும்போது வண்டியைத் துறப்பதே அறிவுடைமை.

படத்தில் பார்வையற்ற ஒருவர் வருகிறார். கருவுற்ற பெண்ணொருத்தியும் வருகிறாள். நம் இல்லங்களிலும் நடக்க இயலாத பாட்டியோ கைக்குழந்தையோ உண்டு. யாரை யார் தூக்கிச் செல்வது, எந்த மேல்மாடியில் ஒதுங்குவது என்பதை வெயில் நாளிலேயே முடிவு செய்தல் நன்று. ஆதார் அட்டை, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு உயரத்தில் வைத்தல் வேண்டும். அவை நனைந்து அழிந்தால், மறுபடி பெறுவதற்குத் திருநெல்வேலி வரை அலைய நேரும் குடும்பங்கள் நம்மில் எத்தனை! அன்றாட மருந்துகள், குடிநீர், மின்பொறி விளக்கு ஆகியனவும் ஒரு பையில் இருக்கட்டும். நீர் புகுமுன் மின்சார இணைப்பைத் துண்டித்தல் வேண்டும். வடிந்த பின்னரும் எலிக்காய்ச்சல் அச்சம் உண்டு. சேற்றுநீரில் நடந்தவர் காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரை நாடுக.

இவையனைத்தினும் மேலான பாடம் ஒன்றுண்டு. கேரளத்தில் பல்லாயிரவரைக் காத்தவர் கடற்கரை மீனவர். தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, அறியாத ஊர்களுக்கு விரைந்தனர். நம் உற்றார் நெடுந்தொலைவில் உள்ளனர். நள்ளிரவில் நம் கதவைத் தட்டப் போகிறவர் பக்கத்து வீட்டு மராத்தியரோ குஜராத்தியரோதாம். அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இன்றே அறிந்து கொள்வோம். நம் வீட்டு முதியவரைப் பற்றி அவரிடம் சொல்லி வைப்போம். மாநகராட்சியின் பேரிடர் உதவி எண் 1916. அதனைப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்யட்டும்.

வருமுன் காப்போன், வருங்கால் காப்போன், வந்தபின் காப்போன் என்னும் மூன்று மீன்களின் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மும்பையில் மழை தொடங்குவது ஜூன் திங்களில். வைகாசி பிறந்ததும் ஒவ்வோர் இல்லத்திலும் அனைவரும் ஒருநாள் கூடியமர்ந்து இவற்றை முடிவு செய்வார்களாயின், நாம் முதல் மீனின் வழி நிற்போம்.