பிளேட் வைத்தே ஆக வேண்டுமா?

கட்டட வேலையில் சாரம் சறுக்கி விழும் பெயின்டருக்கும் தென்னையிலிருந்து தவறி விழுபவருக்கும் பல நேரம் முதல் அடி குதிகாலில்தான் விழுகிறது. குதிகால் எலும்புக்கு வெளிப்பக்கம் மெல்லிய ஓடு. உள்ளே பஞ்சு மாதிரித் துளைகள். அதனால் உயரத்திலிருந்து விழும்போது அது இரண்டாக முறிவதில்லை, நசுங்கிவிடுகிறது. நான்கில் மூன்று குதிகால் முறிவுகள் மூட்டுக்குள்ளும் ஓடியிருக்கும். மேடு பள்ளத்தில் பாதத்தைச் சாய்த்து நடக்க உதவும் மூட்டு அது. இப்படி விழுகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பும் முறிந்திருக்கும். கால் வலியில் முதுகு வலியை யாரும் கவனிப்பதில்லை.

எக்ஸ்ரே பார்த்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷன் எப்போ டாக்டர்?" ஆனால் குதிகாலில் அவசரம்தான் ஆபத்து. பாதம் வீங்கிப் பளபளவென்று இருக்கும்போது கத்தி வைத்தால் தோல் மூடாது. வீக்கம் வடிந்து தோலில் மெல்லிய சுருக்கம் தெரியும்வரை, ஒன்றிரண்டு வாரம் காத்திருப்பதுதான் முறை. வெளிப்பக்கம் 'எல்' வடிவில் கீறி, எலும்புத் துண்டுகளைத் தூக்கி நிறுத்தி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைப்பார்கள். அங்கே தோலுக்கு அடியில் சதை குறைவு. ரத்த ஓட்டமும் குறைவு. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் தையல் பிரிந்து சீழ் வைக்கும் அபாயம் அதிகம். இப்போது சின்னக் கீறல் வழியாகவும் செய்கிறார்கள். அதில் புண் தொல்லை குறைவு.

2014-இல் பிரிட்டனில் 151 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. மூட்டுக்குள் முறிந்து, ஆனால் குதிகாலின் வடிவம் மிக மோசமாகக் குலையாதவர்களில் ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறுபாதிக்கு வெறும் ஓய்வும் பயிற்சியும். இரண்டு ஆண்டு கழித்து வலியிலும் நடையிலும் வேறுபாடு இல்லை. சிக்கல்களோ ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு. மற்றவர்களில் 4 பேருக்குத்தான். இதனால் ஆபரேஷனே வேண்டாம் என்று ஆகாது. எலும்பு வெளியே தெரிந்தாலோ, குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் ஒரு துண்டை மேலே இழுத்துப் பின்பக்கத் தோல் வெளிறிப் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மேல் கையிலும் இதே கதைதான். குளியலறையில் வழுக்கி விழும் வயதான பெண்களுக்குத் தோளை ஒட்டி முறியும். 2015-இல் வெளியான இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில் 250 பேர். தூளி போட்டுக் கையைத் தொங்கவிட்டுப் பயிற்சி செய்தவர்களும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் இரண்டு ஆண்டில் ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். எலும்பு தேய்ந்தவர்களுக்கு ஸ்க்ரூ பிடிமானம் இல்லாமல் மூட்டுக்குள் துருத்திவிடுவதும் உண்டு. பந்து மூட்டு விலகியிருந்தாலோ பிளந்திருந்தாலோ கணக்கு வேறு. அங்கே மூட்டு மாற்று வரை போக வேண்டியிருக்கும்.

மேல் கை எலும்பு நடுவில் முறிந்தால், பெரும்பாலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே சேர்ந்துவிடும். ஆனாலும் 2020-இல் வந்த ஃபின்லாந்து ஆய்வில், உறை போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது. இந்த எலும்பைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது. அதில் அடிபட்டால் மணிக்கட்டு தூக்க முடியாமல் தொங்கும். பார்த்தவர்கள் பதறிப்போவார்கள், பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே திரும்பிவிடுகிறது.

காப்பீடு இருக்கிறது என்பதற்காக ஆபரேஷனுக்குச் சம்மதிப்பதும் தவறு, கத்திக்குப் பயந்து இறுக்கமான நாட்டுக் கட்டுப் போடுவதும் தவறு. வீங்கிய பாதத்தில் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். ஆபரேஷன் செய்யாமல் விட்டால் என் கை, கால் எப்படி இருக்கும், செய்தால் என்ன சிக்கல் வரலாம் என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். குதிகாலுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்களா, முதுகையும் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். எந்தச் சிகிச்சையானாலும் மருத்துவர் சொல்லும்வரை, பொதுவாக இரண்டு மூன்று மாதம், குதிகால் முறிந்த காலை ஊன்றாதீர்கள். புகைப்பவர் என்றால் விழுந்த அன்றே நிறுத்திவிடுங்கள்.