ஒளிவாளுக்குள் ஒரு தண்ணீர்க் குழாய்... தெரியுமா?

விண்வெளிப் படங்களில் வரும் ஆயுதங்களையும் ரோபோக்களையும் அதே அளவில், அச்சு அசலாக, வீட்டு ஷெட்டிலேயே செய்து நிறுத்துகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் கண்ணில் படுவதெல்லாம் ஆச்சரியம்!

ஃபிளாஷ் கைப்பிடி வாளான கதை தெரியுமா?
1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் லூக் ஸ்கைவாக்கர் ஏந்திய ஒளிவாளின் பிடி, பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடி! லண்டன் கேமரா கடையொன்றில் அதைக் கண்டெடுத்தவர் ரோஜர் கிறிஸ்டியன். ரப்பர் பட்டைகளை ஒட்டினார். கால்குலேட்டரில் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்ப் பட்டையைச் செருகினார். வாள் தயார்! அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்குக் கிடைத்த ஆஸ்கரில் அவருக்கும் பங்கு உண்டு.

அதே படத்தில் வரும் ஓபி-வானின் வாளில் என்னென்ன இருக்கிறது தெரியுமா?
ரோல்ஸ்-ராய்ஸ் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய், முதல் உலகப்போர்க் கால எறிகுண்டின் பாகம், பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கியின் ஒரு துண்டு... இவற்றோடு தண்ணீர்க் குழாயைத் திறக்கும் திருகு! படத்தின் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பழைய சாமான் கடைகளில் அலைந்து, ஒவ்வொரு பாகத்தின் பூர்வீகத்தையும் கண்டுபிடித்தவர்கள் ரசிகர்கள்.

ஒரே ஒரு திருகு எதற்கு உதவும் தெரியுமா?
மொத்த அளவையும் சொல்லிவிடும்! அசல் பாகம் ஒன்று கைக்கு வந்துவிட்டால், அதை அளந்து, படத்தில் அதற்குப் பக்கத்தில் இருப்பவற்றையும் கணக்குப் போட்டுவிடலாம். அதன் பிறகு பிவிசி குழாயோ, ஃபைபர் கிளாஸோ, 3டி பிரிண்டரோ, எதில் செய்தாலும் மில்லிமீட்டர் பிசகாது.

சமையலறையும் விண்வெளிக்குப் போனது தெரியுமா?
1966-ல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் ஒரு கதைக்காக வாங்கிய உப்புக் குப்பிகள், உப்புக் குப்பிகள் மாதிரியே தெரியவில்லை. விடுவார்களா? தொடரில் வரும் டாக்டர் மெக்காயின் அறுவைக் கருவிகளாக்கிவிட்டார்கள்! 1985-ல் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ காரின் முதுகில் ஏறி, குப்பையை மின்சாரமாக்கியது ஒரு காபிக் கொட்டை அரைக்கும் மெஷின்!

வரைபடமே வீடு தேடி வந்தது தெரியுமா?
1963-ல் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் பிரிட்டிஷ் பிள்ளைகளை சோபாவுக்குப் பின்னால் ஒளிய வைத்த வில்லன்களான டாலெக்குகளின் ஒரு கை, அடைப்பெடுக்கும் ரப்பர் பிளஞ்சர். உள்ளே உட்கார்ந்திருந்த ஆள்தான் காலால் உந்தி டாலெக்கை நகர்த்துவார். தொடரின் பத்தாம் ஆண்டுக்கு, 1973-ல் ‘ரேடியோ டைம்ஸ்’ சிறப்பிதழ் டாலெக் செய்யும் வரைபடத்தையே அச்சிட்டது. பிறகென்ன, வீடுகளில் சுத்தியல் சத்தம்தான்!

வீட்டு ரோபோ சினிமாவுக்குள் நுழைந்தது தெரியுமா?
‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் குட்டி ரோபோ ஆர்2-டி2-வின் உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம்தான் அதிகம். அதை ஓட்ட மின் சக்கர நாற்காலியின் மோட்டாரைப் பொருத்துகிறவர்கள் உண்டு. 2013-ல் ஜெர்மனியின் எசன் நகரில் நடந்த ரசிகர் விழாவில், பிரிட்டன் ரசிகர்கள் செய்த ரோபோக்களைத் தயாரிப்பாளர் கேத்லீன் கென்னடி பார்த்தார். அவர்களில் லீ டவர்சி, ஆலிவர் ஸ்டீப்பிள்ஸ் இருவருக்கும் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தில் ஆர்2-டி2 செய்யும் வேலையே கிடைத்தது!

இளஞ்சிவப்பு ரோபோ யாருக்காகப் பிறந்தது தெரியுமா?
மூளைப் புற்றுநோயோடு போராடிய ஓர் அமெரிக்கச் சிறுமிக்காக. ‘தங்கச்சிக்குக் காவலாக ஓர் ஆர்2 வேண்டும்’ என்று கேட்டவள் அவளுடைய அக்கா. புதிதாகச் செய்து முடிக்க நாள் போதாது. அதனால் ரசிகர் ஒருவர், தன்னிடமிருந்த ரோபோவுக்கே இளஞ்சிவப்பு பூசி எடுத்து வந்தார். 2005-ல் அவள் அதைக் கட்டிக்கொண்டாள். சில வாரங்களில் கண்மூடினாள். அவளுக்கென்றே செய்த ஆர்2-கேடி அடுத்த ஆண்டு முடிந்தது. 2015-ல் வந்த ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தைப் பார்த்தீர்களா? அதில் ஓர் ஓரமாக நிற்கும் இளஞ்சிவப்பு ரோபோவின் பெயரும் ஆர்2-கேடிதான்!